சர்க்யூட் சித்தப்பா

சித்தப்பாக்களில் ஒரு வகை உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் பொருளைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நின்றுபோனால் முகம் மலர்ந்துவிடும். மிக்ஸி மக்கர் செய்தால் எங்கள் சித்தி கவலைப்படுவது மிக்ஸியை நினைத்தல்ல, ஸ்க்ரூ டிரைவரோடு இவர் வந்துவிடுவாரே என்றுதான்.

போன மாதம் என் மகன் "லைட் எரியற ஷூ வேணும்" என்றான். கடையில் வாங்கித் தந்திருப்பேன். அதற்குள் சித்தப்பா காதில் விழுந்துவிட்டது.

"ஷூ எதுக்குடா? லேஸையே எரிய வைக்கலாம்."

மறுநாள் ரிச்சி தெரு. மவுண்ட் ரோட்டிலிருந்து அந்தச் சந்துக்குள் திரும்பினாலே அவருக்குத் திருப்பதி. கை நிறைய எல்இடி, 3 வோல்ட் தரும் சிஆர்2032 பட்டன் செல் எல்லாம் வந்தன. மின்சாரம் கடத்தும் நூல் மட்டும் தபாலில் வந்தது. எவர்சில்வரை முடிபோல் இழுத்துத் திரித்த நூல் அது. அன்று சித்தியின் ஊசி காணாமல் போனது.

பட்டை லேஸ். இந்த ஓரம் ஒரு தையல், ப்ளஸ். அந்த ஓரம் ஒரு தையல், மைனஸ். இரண்டுக்கும் நடுவில் எல்இடிகள், நீளக் கால் ப்ளஸ் பக்கம். பேட்டரியைச் செருகினார். சிவப்பு எரிந்தது, நீலம் எரியவில்லை. நானாக இருந்தால் தூக்கிப் போட்டிருப்பேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சிவப்புக்கு 2 வோல்ட் போதும். நீலத்துக்கு 3 கிட்ட வேணும். ஒரே பந்தியில உட்கார வெச்சா நீலத்துக்கு இலையில ஒண்ணும் மிஞ்சாது."

எல்லாம் சிவப்பாயிற்று. இப்போது கடைசி விளக்குகள் மங்கின. "செம்புக் கம்பியா இது? நூல். வழியெல்லாம் சுங்கம் பிடிக்கும்!" என்றார் குதூகலமாக. நூல் நுனிகள் பூனை மீசைபோல் பிரிந்து ஒன்றையொன்று தொட்டன. முடிச்சுக்கு முடிச்சு நகப்பூச்சு தடவினார். ஒட்டிக்கொண்டது. என் மனைவியின் புட்டி பாதி காலி.

ஞாயிறு மாலை வெள்ளோட்டம். கூடத்து விளக்கை அணைத்தோம். மேஜைமேல் லேஸ் ஜம்மென்று எரிந்தது. சித்தப்பா முகத்தில் மட்டும் ஏதோ குறை. எரிகிற பொருளை வைத்துக்கொண்டு என்ன பேசுவது? ஷூவில் கோத்து, பையன் காலில் மாட்டி, பூ முடிச்சுப் போட்டார்.

பொட்டென்று அணைந்தது.

அவிழ்த்தார், எரிந்தது. கட்டினார், அணைந்தது.

"சின்னத் தாத்தா, இந்த முடிச்சுதான் ஸ்விட்சா?" என்றான் பையன்.

"ஷார்ட் சர்க்யூட்!" பேத்தி பிறந்த செய்தி கேட்டவர்போல் கூவினார் சித்தப்பா. முடிச்சில் ப்ளஸ் நூல் மைனஸ் நூலைக் கட்டிக்கொண்டதாம். அவை மேலுறை இல்லாத நூல்கள். தொட்டால் மின்சாரம் விளக்குப் பக்கமே போகாமல் குறுக்கு வழியில் திரும்பிவிடுமாம். இதை முக்கால் மணி நேரம் விளக்கினார். இட்லி ஆறிப்போனது.

மறுவாரம் நான் கடையில் ஒரு ஜோடி வாங்கி வந்தேன். குதிகாலில் விளக்கு, மேலே ஒட்டும் பட்டை, லேஸே கிடையாது. சித்தப்பா அதைக் கையில்கூட எடுக்கவில்லை.

இன்று காலை அதில் இடதுகால் எரியவில்லை. அவரைப் பார்த்தால் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.