மனுதாரர் வயிற்றில் இருக்கிறார்

மகா கனம் பொருந்திய அலுவலகத்தின் திருச்சமூகத்துக்கு,

அந்தமானின் டெலானிபூரில் தங்கள் பின்சுவரை ஒட்டிக் குடியிருக்கும் பாக்கியம் பெற்றவள் எழுதிக்கொண்டது.

நேற்று தங்கள் சந்நிதானத்தில் மனு கொடுத்தேன். சாயங்காலமானால் தங்கள் வளாகத்தில் கொளுத்தும் குப்பைப் புகை எங்கள் வீட்டுக்குள் அடைகிறது, தலைப்பிரசவத்துக்கு மாயாபந்தரிலிருந்து வந்திருக்கும் என் மகளுக்கு ஏழாம் மாதம் என்று எழுதியிருந்தேன். தங்கள் குமாஸ்தா, "பாதிக்கப்பட்டது யாரும்மா?" என்றார். வயிற்றுப்பிள்ளை என்றேன். "அப்ப அவங்கதான் நேர்ல வரணும், ஆதார் நகலோட." வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

தங்கள் ஆணை என் சிரமேல். மனுதாரர் வருவார். ஆனிக் கடைசி என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். கைநாட்டுக்கு வேண்டிய ரேகைகூட விழுந்தாயிற்று. அதுவரை யாகம் தடையின்றி நடக்கட்டும். பால் கவர், குட்கா சரம், உடைந்த நாற்காலி, பழைய ஒயர்... எத்தனை ஆகுதி! சென்னையில் கப்பலேறிய பிளாஸ்டிக்குக்கு எங்கள் தெருவில்தான் மோட்சம் போலும். ஒயரின் பிவிசி எரிந்தால் டையாக்சின் உண்டாகும். அது உடம்புக் கொழுப்பில் ஏறிவிட்டால் பாதியாகக் குறையவே 7 முதல் 11 வருஷம். நஞ்சுக்கொடி வழியாகவும் தாய்ப்பால் வழியாகவும் பிள்ளைக்குப் போகும். பள்ளிக்கூடம் போகிற வயதிலும் மனுதாரர் தங்களை மறக்கமாட்டார்.

"ஜன்னலைச் சாத்திக்குங்க" என்ற அறிவுரைக்கும் நன்றி. சாத்தினோம். கரண்ட் இல்லாத நேரத்தில், இந்தத் தீவுப் புழுக்கத்தில், பிள்ளைத்தாய்ச்சியை அடைத்துவைத்துப் பாருங்கள். கொசுவத்தியை நிறுத்தி வலை கட்டினோம். தூசி பறக்காமல் ஈரத்துணியால் துடைக்கிறோம். பழைய பெயின்ட்டைச் சுரண்டுகிற வேலையைத் தள்ளிப்போட்டோம், அதில் ஈயம் இருக்கலாமே என்று. எங்கள் சுவருக்குள் ஆனதெல்லாம் செய்தாயிற்று. உங்கள் நெருப்பை எந்தத் துணியால் துடைப்பது? ஒரு தீக்குச்சியைக் கிழிக்காமல் இருப்பதற்கு உங்களுக்கு எத்தனை மனு வேண்டும்?

மன்னிக்கவும். மகளுக்கு பிரஷர் ஏறக்கூடாது என்கிறார்கள், எனக்கு ஏறிவிட்டது.

ஆவணமில்லாமல் பேசுகிறேன் என்று தாங்கள் கருதலாகாது. ஜப்பானின் மினமாட்டாவில், நஞ்சு தாயைத் தாண்டிக் கருவுக்குப் போகாது என்றுதான் மருத்துவர்களும் நம்பியிருந்தார்கள். நோய் வெளியே தெரியாத தாய்மாருக்கே முடங்கிய பிள்ளைகள் பிறந்தன. அங்கே தொப்புள்கொடியைக் காயவைத்துப் பத்திரப்படுத்துவது வழக்கம். அந்தக் கொடிகளைச் சோதித்துத்தான், ஆலைக் கழிவிலிருந்து மீன் வழியாக வந்த பாதரசம் கரு வரை போனதை டாக்டர் ஹராடா எடுத்துக்காட்டினார். எங்கள் மனுதாரரின் ஆவணமும் உள்ளே தயாராகத்தான் இருக்கிறது. ஆதாருக்கு ஈடாகாது, ஆனாலும் நகல் எடுத்துத் தருகிறேன்.

திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய் அபராதம், மொத்தமாக எரித்தால் 25,000 என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. தங்களுக்குத் தாங்களே ரசீது கிழித்துக்கொள்ளும் சிரமத்தை நான் தரமாட்டேன். ஒயரையும் பிளாஸ்டிக்கையும் தனியாகக் கட்டிக் குப்பை வண்டியில் ஏற்றிவிடுங்கள். இன்று சாயங்காலமே.

இப்படிக்கு,
மனுதாரரின் பாட்டி