காலா லில்லி: விதையும் விடையும்

கேள்வி: காலா லில்லி உண்மையில் லில்லிதானா?

பதில்: பெயரால் லில்லி, பிறப்பால் சேம்புக்கும் சேனைக்கும் பங்காளி. தென்னாப்பிரிக்காவின் ஓடைக்கரைகளுக்கும் சதுப்பு நிலங்களுக்கும் உரிய இச்செடிக்கு 'ஜான்டெடெஸ்கியா' என்ற பேரினப் பெயரை 1826இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் கூர்ட் ஸ்ப்ரெங்கெல் சூட்டினார். இதழ் என்று பலரும் கருதும் வெண்ணிறப் பகுதி பாளையே. அது சுற்றி நிற்கும் மஞ்சள் கதிரில் நெருங்கி அமைந்திருக்கும் நுண்ணிய மலர்களே இதன் உண்மையான பூக்கள்.

கேள்வி: பூ அழகாகப் பூக்கிறது, விதைதான் பிடிக்கவில்லை. குறை எங்கே?

பதில்: பொருத்தம் உண்டு, முகூர்த்தம்தான் தவறுகிறது. கதிரின் அடியிலுள்ள பெண் மலர்கள் முதிர்ந்த பின்னரே மேலுள்ள ஆண் மலர்கள் மகரந்தம் உதிர்ப்பதால், முன்பே மலர்ந்த கதிரின் மகரந்தத்தை மெல்லிய தூரிகையால் தொட்டு, புதிதாக விரிந்த கதிரின் அடியில் தடவுவது பலன் தரும். கருவுற்ற பின் வெண்பாளை மெல்லப் பச்சையாக மாறுவதும், காய்கள் பழுத்து ஆரஞ்சு நிறம் கொண்டு மென்மையாவதும் வெள்ளை வகையில் காணத்தக்க அடையாளங்கள்.

கேள்வி: பழத்தை அப்படியே மண்ணில் புதைக்கலாமா?

பதில்: கூடாது. வழவழப்பான சதையை நீக்கி, கழுவிய விதையை விதைப்பதே முறை. சேனையைப் போலவே இதிலும் கால்சியம் ஆக்சலேட் எனும் ஊசி வடிவப் படிகங்கள் இருப்பதால் கையுறை அணிவது நன்று. மணலும் மக்கிய இலையுரமும் கலந்த ஈரமண்ணில் ஏறத்தாழ 1 செ.மீ. ஆழத்தில் ஊன்றி, 18 முதல் 21 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இளநிழலில் வைத்தால், சில வாரங்களில் தொடங்கி இரண்டு மூன்று மாதங்கள் வரையிலும் முளைகள் தலைகாட்டும்.

கேள்வி: வரும் தீபாவளிக்குப் பூத்துவிடுமா?

பதில்: தீபாவளி தவறாமல் வரும், பூவுக்கு மட்டும் இரண்டு, மூன்று தீபாவளிகள் பொறுத்திருக்க வேண்டும். முதல் ஆண்டில் நாற்று தன் வலிமையையெல்லாம் இலைக்கும் கிழங்குக்குமே செலவிடுகிறது.

கேள்வி: கிழங்கை நட்டால் விரைவில் பூக்குமே, விதை எதற்கு?

பதில்: கிழங்கு தாய்ச்செடியையே மறுபடி தருகிறது, விதையோ இரு பெற்றோரின் பண்புகளும் கலந்த புதுச்செடியைத் தருகிறது. வண்ணக் கலப்பின வகைகளின் விதையிலிருந்து தாயின் நிறமே வரும் என்பதற்கு உறுதியில்லை. அந்த உறுதியின்மையே நியூசிலாந்தின் பயிர்ப் பெருக்குநர்கள் புதுப்புது வண்ணங்களைத் தேர்ந்தெடுக்க வழி திறந்தது. ஆகவே ஒரே நிறம் வேண்டுவோர் கிழங்கை நாடட்டும். உலகில் எவரும் காணாத ஒரு பூ தம் வீட்டுத் தொட்டியில் முதன்முதலாக விரிய வேண்டும் என விரும்புவோர் விதையை ஊன்றட்டும்.