ஏழு மதில், ஒரு கோல் கம்பம்

'இப்பத்தானே ஆரம்பம்' என்று இனிமேல் யாராவது என்னிடம் சொன்னால், நான் திருப்பிச் சொல்லப்போவதை எந்தப் பத்திரிகையும் அச்சிடாது. மூன்று ஆட்டம், மூன்றும் தோல்வி. புவனேஸ்வரத்தில் ஒடிஷாவிடம் வாங்கினோம். குவாஹாட்டியில் நார்த் ஈஸ்ட்டிடம் மூன்று கோல் வாங்கினோம். சரி, வெளியூர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று சொந்த ஊருக்கு வந்தால், நேரு ஸ்டேடியத்துக்கே மோகன் பகான் வந்து 3-1 என்று முடித்துவிட்டுப் போகிறது. இந்த 2023 சீசனில் ஐஎஸ்எல்லில் பன்னிரண்டு அணிகள். பட்டியலில் சென்னையின் எஃப்சி எங்கே என்று தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கீழேயிருந்து மேலே படித்துக்கொண்டு போங்கள், சீக்கிரம் கிடைத்துவிடும்.

இந்த மூன்று ஆட்டங்களிலும் ஒரே ஓர் அடிப்படைக் குறை இருக்கிறது. அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் அந்தக் கணக்கு.

எந்தக் கணக்கு என்று கேட்காதீர்கள், நீங்களும் போட்டிருப்பீர்கள். மொத்தம் 22 ஆட்டம். மூன்று போச்சு, மிச்சம் 19. ஆட்டத்துக்கு மூன்று புள்ளி என்றால் 57. முதல் ஆறு இடத்துக்குள் வந்தால் பிளே-ஆஃப். அதற்கு 57 எதற்கு? முப்பத்திச் சொச்சம் போதாதா? பத்து ஆட்டம் ஜெயித்து, நாலைந்து டிரா பண்ணினால் தீர்ந்தது. பால் கணக்கு எழுதுகிற நோட்டின் பின்பக்கத்தில் இதைப் போட்டு முடித்ததும் ஒரு நிம்மதி வரும் பாருங்கள், ஜெயித்தால்கூட அப்படி வராது. மூன்று ஆட்டத்தில் ஒரே ஒரு கோல் போட்ட அணி பத்து ஆட்டத்தை எந்தக் காலால் ஜெயிக்கும் என்ற கேள்விக்கு அந்த நோட்டில் கட்டம் கிடையாது. போன சீசனில் 20 ஆட்டம் ஆடி எட்டாவது இடம் பிடித்தபோதும் இதே நோட்டில் இதே கணக்கைத்தான் போட்டேன். கூட்டல் கழித்தலில் ஒரு தப்பும் இல்லை.

கணக்கு சரியாக வரவில்லை என்றால் அடுத்தது சரித்திரம். இதில் சென்னையின் ரசிகனை எவனும் அசைக்க முடியாது. நாங்கள் எல்லாம் பாதி வக்கீல்கள். 2015-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு ஆட்டமும் தோல்வி. ஒரு கட்டத்தில் பட்டியலின் அடிமட்டம். டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தது. சொந்த மண்ணில் ஆட வேண்டிய அரையிறுதியைப் புனேயில் போய் ஆடி, கொல்கத்தாவை 3-0 என்று சாத்தினார்கள். டிசம்பர் 20, கோவா, ஃபட்டோர்டா ஸ்டேடியம், இறுதிப் போட்டி. தொண்ணூறாவது நிமிஷத்தில் 2-1 என்று தோற்றுக்கொண்டிருக்கிறோம். அப்போது கோவாவின் கோலியே பந்தைத் தன் வலைக்குள் தள்ளுகிறார். மூச்சு விடுவதற்குள் மெண்டோசா இன்னொன்று போடுகிறார். 3-2. கோப்பை.

2017-லும் முதல் ஆட்டத்தில் கோவாவிடம் உதை வாங்கிக்கொண்டுதான் ஆரம்பித்தோம். அடுத்த மார்ச்சில் பெங்களூரை அவர்கள் ஊரிலேயே 3-2 என்று சாய்த்துக் கோப்பையைத் தூக்கினோம். 2019-ல் ஆரம்பம் படுமோசம். கோச் கிரெகரி கிளம்ப, டிசம்பரில் ஓவன் கோயல் வந்து, கிடந்த அணியைத் தூக்கி நிறுத்தி 2020 மார்ச்சில் இறுதிப் போட்டிவரை இழுத்துக்கொண்டு போனார். அதே கோயல்தான் இந்த 2023 சீசனுக்குத் திரும்பி வந்திருக்கிறார். ஆக, ஆரம்பத்தில் தோற்பது சென்னையின் எஃப்சிக்கு ஒரு சம்பிரதாயம். கோப்பைக்குக் கட்டும் முன்பணம்.

2018-ல் இதேபோல் தோல்வியில் ஆரம்பித்து, தோல்வியிலேயே தொடர்ந்து, 18 ஆட்டத்தில் 9 புள்ளியோடு பத்து அணிகளில் பத்தாவதாக வந்தோமே என்று சிலர் கிளப்புவார்கள். நடப்புச் சாம்பியன் கடைசி இடமா என்று வேறு கேட்பார்கள். இவர்களுக்கெல்லாம் விதண்டாவாதம் ஒரு பொழுதுபோக்கு. மேலே போவோம்.

ஸ்ரீரங்கத்தில் உட்கார்ந்துகொண்டு கால்பந்து ரசிகனாக இருப்பது தனிப்பட்ட அவஸ்தை. பொன்மலைப் பக்கம் போனால் பேச ஆள் கிடைக்கும். ரயில்வே பணிமனைக் குடியிருப்பில் பையன்கள் சாயங்காலமானால் மைதானத்தில்தான் கிடப்பார்கள். பாலத்துக்கு இந்தப் பக்கம் எனக்குக் கிடைத்திருப்பது பெல்லில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன பக்கத்து வீட்டு மாமா.

"என்னப்பா, மூணும் போச்சாமே?"

"ஆமா மாமா."

"தோனி ஆடலையா?"

தோனி அணியின் உரிமையாளர்களில் ஒருவர், ஆட்டக்காரர் இல்லை என்று அவருக்கு 2014-லிருந்து விளக்கிக்கொண்டிருக்கிறேன். "அப்ப அபிஷேக் பச்சன்?" என்கிறார். அவரும் உரிமையாளர்தான். "ஓனரெல்லாம் பெரிய பெரிய ஆளா இருக்கா. ஆடறதுக்கு ஆள் வெக்க மறந்துட்டாளோ?" என்று மாமா சிரிக்கும்போது, இவ்வளவு துல்லியமான விமர்சனத்தை டிவியில் கோட்டு போட்டுக்கொண்டு உட்காருகிற நிபுணர்கள்கூடச் சொன்னதில்லையே என்று வயிறு எரிகிறது.

அடுத்த நிமிஷமே ஆறுதலும் சொல்வார். "சிஎஸ்கேகூட இந்த வருஷம் முதல் மேட்ச் குஜராத்கிட்ட தோத்தா. அதே குஜராத்தை ஃபைனல்ல ஜெயிக்கலையா? இப்பத்தானே ஆரம்பம்." கடைசிப் பந்தில் பவுண்டரி அடிக்க அவர்களிடம் ஜடேஜா இருந்தார் மாமா. எங்களிடம் இருப்பது கார்னர் அடித்தால் பந்தை மெரினாவுக்கு அனுப்பும் கால்கள்.

இந்த இடத்தில் டிஃபன்ஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மோகன் பகான் ஆட்டம் நடந்த அக்டோபர் 7, புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. அன்றைக்கு ஸ்ரீரங்கம் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். உள்ளூர்க்காரன் என்ற மிதப்பெல்லாம் அன்று செல்லாது. குடும்பத்தோடு பெருமாளைச் சேவிக்கப் போனேன். வரிசையில் நின்ற நேரத்தில்தான் எனக்கு ஞானம் பிறந்தது.

ஏழு மதில். இருபத்தொரு கோபுரம். 156 ஏக்கர். வெளியிலிருந்து உள்ளே வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: கலியுகராமன், திருவிக்ரமன், அகளங்கன், ஆலிநாடன், குலசேகரன், ராஜமகேந்திரன், தர்மவர்மன். எப்பேர்ப்பட்ட டிஃபன்ஸ்! கலியுகராமன் ரைட் பேக்கில் நின்றால் எவன் கிராஸ் போடுவான்? அகளங்கனை ஏமாற்றிக்கொண்டு எவன் உள்ளே வெட்டுவான்?

தெற்கு ராஜகோபுரத்தில் நுழைகிறவனுக்கு 236 அடியை அண்ணாந்து பார்த்து வாய் மூடுவதற்குள்ளேயே வேகம் பாதி குறைந்துவிடும். அடுத்தது கடைத்தெரு. பித்தளை விளக்கு, வளையல், மரப்பாச்சி, குங்குமம். எவ்வளவு பெரிய ஃபார்வர்டானாலும் மனைவியோடு வந்திருந்தால் அவன் ஆட்டம் அங்கேயே முடிந்தது. தப்பி ரங்கா ரங்கா கோபுரம் வந்தால் செருப்பை எங்கே விடுவது என்று ஒரு தடுமாற்றம். கார்த்திகை கோபுரம் தாண்டினால் கருட மண்டபம். அத்தனை பெரிய கருடாழ்வார் கைகூப்பி உட்கார்ந்திருக்க, அவரைக் கண்டும் காணாததுபோல் டிரிபிள் பண்ணிக்கொண்டு போய்விட முடியுமா? விழுந்து சேவித்து எழுவதற்குள் பந்து பறிபோயிருக்கும். அப்புறம் கம்பித் தடுப்பு. வலப்பக்கம் போனால் இடப்பக்கம் திருப்பும், இடப்பக்கம் போனால் புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து விடும். இதற்குப் பெயர்தான் சோனல் மார்க்கிங். ஆர்யபட்டாள் வாசலில் ஒரு நெருக்கல். நாழிகேட்டான் வாசலில் நாழி கேட்க ஆள் இருந்திருந்தால் எக்ஸ்ட்ரா டைமும் முடிந்துவிட்டது என்று சொல்லியிருப்பான்.

இத்தனையும் கடந்து மூலஸ்தானத்துக்கு வந்தால், பெரிய பெருமாளின் திருமுகத்திலிருந்து திருவடிக்குக் கண் நகர்வதற்குள் தோளில் ஒரு கை விழுகிறது. "நகருங்கோ, நகருங்கோ!" கவனியுங்கள், அத்தனை மதில்களுக்கும் உள்ளே, பெருமாளுக்குப் பக்கத்தில், அந்தக் கடைசி ஆளும் விழிப்போடு இருக்கிறார்.

இப்போது நேரு ஸ்டேடியம். மோகன் பகானின் பெட்ராட்டோஸ் வருகிறார். வரிசை இல்லை, சீட்டு இல்லை, கம்பித் தடுப்பு இல்லை, செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராக மூலஸ்தானம். முதல் பாதி முடிவதற்குள் கம்மிங்ஸும் வருகிறார். அவருக்கும் அதே ராஜமரியாதை. இரண்டாம் பாதியில் நாம் ஒரு கோலைத் திருப்பி, சற்று நம்பிக்கை துளிர்க்கும் சமயத்தில், மன்வீர் சிங் வந்து சாவகாசமாகச் சேவித்துவிட்டுப் போகிறார். நாலு டிஃபண்டர்கள் இருந்தார்கள். நாலு பேரில் ஒருவர் வாயிலிருந்தாவது ஒரு 'நகருங்கோ' வரவேண்டாமா? எங்கள் கோலியோ முழு நீளத்துக்குச் சயனத்தில். அபசாரம், கன்னத்தில் போட்டுக்கொள்கிறேன். ஆனால் சயனம் என்னவோ உண்மை.

கோயில் ஊழியர்கள் நாலு பேரை ஒரு மாதத்துக்கு இரவல் கேட்டால் என்ன? இவர்களுக்கு டிரான்ஸ்ஃபர் கட்டணம் கிடையாது, புளியோதரை போதும். கம்பித் தடுப்பில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் டிஃபன்ஸிவ் மிட்ஃபீல்டில். 'ஒருத்தர் ஒருத்தரா வாங்கோ' என்று அவர் கையைக் காட்டினால் ஆயிரம் பேர் அப்படியே நிற்கிறார்கள், பதினோரு பேர் நிற்க மாட்டார்களா? நகருங்கோக்காரர் சென்டர் பேக்கில். பிரசாத ஸ்டாலில் சில்லறை தருகிறவரை நேரத்தைக் கடத்துவதற்காகக் கடைசிப் பத்து நிமிஷம் இறக்கலாம்.

"இதையே இன்னும் எத்தனை பேர்கிட்ட சொல்லப்போறீங்க?" என்று மனைவி கேட்கிறாள். மாமாவிடம் சொன்னேன், பால்காரரிடம் சொன்னேன், சத்திரம் பேருந்து நிலையம் போகும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் பக்கத்து சீட்காரரிடம் சொன்னேன். அவர் மாம்பழச் சாலையிலேயே இறங்கிக்கொண்டார்.

மாமா மட்டும் கேட்டுவிட்டு ஒன்று சொன்னார். "ராஜகோபுரம் எத்தனை நூறு வருஷம் மொட்டைக் கோபுரமா நின்னுது? 1987-ல கும்பாபிஷேகம் ஆகலையா? பொறுமை வேணும்பா." இதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பொறுமையாக இருப்பதில் இந்த ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஆனால் கோபுரம் மொட்டையாக நின்ற காலத்தில் வாரத்துக்கு வாரம் யாரும் வந்து அதற்குள் மூன்று கோல் போடவில்லை.

வயிற்றெரிச்சலுக்கு இன்னொரு காரணம் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சேப்பாக்கத்தில் உலகக் கோப்பை, இந்தியாவும் ஆஸ்திரேலியாவும். இந்தியா 2 ரன்னுக்கு 3 விக்கெட். தெருவே துக்க வீடாகிவிட்டது. எனக்கு, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது. துக்கத்தில் துணை கிடைத்த ஆறுதல். கோலியும் ராகுலும் அதற்கும் வேட்டு வைத்தார்கள். ஒருவர் 85, இன்னொருவர் 97 நாட் அவுட். சாயங்காலம் அழுத தெரு ராத்திரி பட்டாசு வெடித்தது. கிரிக்கெட்காரர்களுக்குத் துக்கம்கூட ஒரு பொழுதுக்கு மேல் தங்குவதில்லை. நாங்கள் ஒரு தோல்வியை அடுத்த ஆட்டம்வரை வாரக்கணக்கில் சுமக்கிறோம். அதுவும் 320 கிலோமீட்டர் தள்ளியிருக்கிற ஊரின் பேரை வைத்துக்கொண்டு, திருச்சிப் பக்கம் ஓர் ஐஎஸ்எல் ஆட்டத்துக்குக்கூட எட்டிப் பார்த்திராத அணிக்காக. டூரண்ட் கோப்பையில் காலிறுதி வரை போனபோது 'இந்த வருஷம் நம்ம வருஷம்' என்று தெருவில் சொல்லிவைத்தது யார் என்று வேறு கேட்கிறார்கள்.

அந்த அடிப்படைக் குறைக்கு வருகிறேன். நடுக்களத்திலிருந்து பந்தை முன்னே கொண்டுபோகும்போது நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்றால், இல்லை, அதற்கு முன்னால் ஆயுத பூஜைச் சிக்கலைத் தீர்த்துவிடுகிறேன், நாள் நெருங்கிவிட்டது.

அடுத்த ஆட்டம் அக்டோபர் 23, ஹைதராபாத்துடன். அன்றுதான் ஆயுத பூஜை. எங்கள் வீட்டில் பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி காலையில்தான் எடுக்கலாம். தையல் மெஷின், அரிவாள்மனை, சுத்தியல், பையனின் கணக்குப் புத்தகம் எல்லாம் வழக்கம்போல் உண்டு. இந்த வருஷம் டிவி ரிமோட்டையும் என் செல்போனையும் சேர்த்து வைத்துவிட வேண்டும் என்று மனைவி உத்தரவு போட்டிருக்கிறாள். "நீங்க பாக்காம இருந்தாலாவது ஜெயிக்கிறாங்களான்னு பாப்போம்."

இது எனக்குத் தோன்றாத விஷயம் இல்லை. ஆனால் நான் பார்க்காமல் இருந்து அவர்கள் ஜெயித்துத் தொலைத்தால், மிச்சமிருக்கிற பதினெட்டு ஆட்டத்தையும் பார்க்காமல் இருக்க வேண்டிவரும். கோப்பையும் வாங்கிவிட்டார்கள் என்றால் ஆயுசுக்கும் பார்க்க முடியாது. அதற்கா ரசிகனாக இருக்கிறேன்? பார்த்துத் தோற்பதே மேல் என்று சொல்லிவிட்டேன். கடைசியில் ரிமோட்டை வைப்பது, போனை வைப்பதில்லை என்று சமாதானம் ஆகியிருக்கிறது. பொட்டு மட்டுமாவது வைக்கிறேன் என்றாள், அதற்கும் மறுத்துவிட்டேன். போன வருஷம் வைத்த குங்குமம் இன்னும் சார்ஜர் ஓட்டைக்குள் இருக்கிறது.