சிமிழ் மாமா

சிமிழ் மாமாவை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். நெற்றியில் திருமண், புருவத்தில் மரத்தூள். ஸ்ரீரங்கம் உத்தர வீதியிலோ சித்திரை வீதியிலோ எதிரே வந்தால் "சௌக்கியமா?" என்று கேட்பார். நீங்கள் பதில் சொல்வதற்குள் கை சட்டைப் பைக்குள் போயிருக்கும். வெளியே வருவது மூடி போட்ட ஒரு சின்ன மரச் சிமிழ்.

"திறந்து பாருங்கோ."

திறக்கும்போது 'டப்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். வந்துவிட்டால் அவருக்குச் சொர்க்கவாசலே திறந்த மாதிரி. வராவிட்டால் கோளாறு உங்கள் கையில். "நெம்பப்படாது ஓய், நேரா மேலே இழுக்கணும்!"

உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பவர்கள் விஷயம் தெரியாதவர்கள். ஒன்றும் இருக்காது. அந்தச் சத்தத்துக்காகத்தான் மூடி. மூடி உட்கார ஓர் இடம் வேண்டுமே என்பதற்காகத்தான் சிமிழ்.

இவர் பெரும்பாலும் பெல் ஆசாமியாக இருப்பார். 1965-ல் திருவெறும்பூரில் தொடங்கிய பாய்லர் ஆலையில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவர். இல்லையென்றால் 1928-ல் நாகப்பட்டினத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த பொன்மலை ரயில்வே பணிமனைக்காரர். எங்கே இருந்தாலும் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினால் பிறத்தியார் வேலையைத் திருப்பி அனுப்பியவர். ஓய்வு பெற்றதும் கிராஜுவிட்டிப் பணத்தில் ஒரு குட்டி லேத் வாங்கிப் பின்கட்டில் வைத்துக்கொண்டார். "இரும்பையே கடைஞ்சவனுக்கு மரம் என்ன ஜுஜுபி!" என்று சொன்னதைத் தெருவே கேட்டது. அதைக் கேட்காதது மரம் ஒன்றுதான்.

இரும்பு ஒழுங்கானது. இன்றைக்கு வெர்னியரில் என்ன காட்டுகிறதோ அதையே நாளைக்கும் காட்டும். மரம் வெட்டிய பிறகும் தன் இஷ்டத்துக்குத்தான் நடக்கும். காயும்போது நடுவிலிருந்து பட்டைப் பக்கமாகச் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, வளையத்தின் போக்கில் சுருங்கும். அதனால் திங்கட்கிழமை வட்டமாக இருந்த சிமிழின் வாய் வெள்ளிக்கிழமை முட்டை வடிவத்துக்கு வந்துவிடும். மூடியும் தன் பங்குக்கு முட்டையாகும். இரண்டு முட்டையும் ஒரே திசையில் நின்றால் மூடி உட்காரும். கொஞ்சம் திரும்பினாலும் உட்காராது. இதற்கு மாமா கண்ட பரிகாரம், மூடியில் ஒரு பென்சில் புள்ளி, அடியில் ஒரு பென்சில் புள்ளி. புள்ளிக்குப் புள்ளி சேர்த்துத்தான் மூட வேண்டும். கண்ணாடி போடாமல் குங்குமம் எடுக்க முடியாத ஒரே வீடு அவர் வீடு.

பச்சை மரத்தை அரைகுறையாகக் கடைந்து, மாதக்கணக்கில் ஆறப்போட்டு, அது கோணுகிறபடி கோணி ஓய்ந்த பிறகு மறுபடி லேத்தில் ஏற்றினால் இந்தச் சங்கடம் பெரும்பாலும் தீரும். மாமாவுக்கு இது தெரியாததல்ல. ஆனால் பிரமோஷனுக்கும் பி.எஃப். பணத்துக்கும் காத்திருந்தே ஒரு ஜன்மம் போய்விட்டது. ஒரு கட்டைக்காக வேறு காத்திருக்க வேண்டுமா?

அந்தக் கட்டை வரும் வழியே தனிக் கதை. காற்றில் எங்காவது கிளை முறிந்தால் மாநகராட்சி லாரிக்கு முன்பே கைரம்பத்தோடு மாமா ஆஜர். ஊருக்குள் போனால் திரும்பும்போது ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் பூவரசங்கட்டையை மடியில் வைத்துக்கொண்டு வருவார். "சாருக்கு ஒண்ணு, கட்டைக்கு ஒண்ணா?" என்பார் கண்டக்டர். வேம்பு கிடைத்தால் வீடெல்லாம் கசப்பு வாசனை. வாகை கிடைத்தால் அதன் தூள் மூக்கில் ஏறி, பக்கத்து ஃபிளாட் வரைக்கும் தும்மல்.

தோல்வி என்ற சொல் மாமாவின் அகராதியில் கிடையாது. பெயர் மாற்றம் உண்டு. பாய்லர் டிரம்மில் 100 மில்லிமீட்டருக்கு மேல் கனத்தைப் பார்த்துப் பழகியவர், சிமிழின் சுவரை மூன்று மில்லிமீட்டருக்குக் கொண்டுவர ஆசைப்படுவார். குடைந்துகொண்டே போவார். திடீரென்று மறுபக்கத்து வெளிச்சம் தெரியும். அடி போன அந்தச் சிமிழ் உடனே மெழுகுவத்தி ஸ்டாண்டாகிவிடும். பக்கம் விரிந்தால் பேனா ஸ்டாண்ட். உளி சடக்கென்று மாட்டிப் பாதி பிய்ந்து எதிர்ச் சுவரில் மோதினால், மிச்சத்தைக் கடைந்து பேரனுக்குப் பம்பரம். "முதல்லேயே பம்பரம்தான் பிளான் பண்ணினேன்."

மூடிக்கு மேலே ஒரு கலசம் வைப்பதில் அவருக்குத் தீராத மோகம். கண்ணை உயர்த்தினால் எங்கும் கோபுரம் தெரிகிற ஊரில் இந்த ஆசை வராமல் இருந்தால்தான் அதிசயம். 1987-ல் கட்டி முடித்த 236 அடி ராஜகோபுரம் அன்று முதல் அசையாமல் நிற்கிறது. மாமாவின் இரண்டங்குலக் கலசம், சிமிழை முதல் தடவை திறப்பவர் கையோடு போய்விடும். அவர் கலசத்தைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கும்போது, "பரவாயில்லை, அது அலங்காரத்துக்குத்தான்" என்பார் மாமா.

மாமியின் பார்வை வேறு. கூடத்திலிருந்து கொல்லை வரைக்கும் மரச்சுருளைப் பெருக்குவது அவர்தானே.

"ரஷ்யாவிலே மகா பீட்டர்னு ஒரு சக்கரவர்த்தி. அவரே லேத்ல உட்கார்ந்து கடைஞ்சிருக்கார், தெரியுமோ?"

"ஏன்னா, அவாத்துல பெருக்க ஆள் இருந்திருக்கும்."

ஐப்பசி பிறந்தால் மாமி பேச்சுக்கு வலு கூடிவிடும். அடைமழையில் மரம் ஈரத்தைக் குடித்து உப்பும். மூடிகள் எல்லாம் பிடித்துக்கொள்ளும். திருமணும் ஸ்ரீசூர்ணமும் வைத்துக்கொள்ள மாமா ஆசையாகக் கடைந்து கொடுத்த சிமிழோடு அவருடைய அத்திம்பேர் ஒரு மழைக்காலக் காலையில் மல்லுக்கட்டினார். கடைசியில் வெறும் நெற்றியோடு வாசலுக்கு வந்து, "என்ன அத்திம்பேர், கட்சி மாறிட்டேளா?" என்ற கேள்விக்கு ஆளானார். சித்திரை வெயிலில் நிலைமை தலைகீழ். சிமிழைத் தூக்கினால் மூடி மட்டும் கையோடு வரும், குங்குமம் தரையில்.

இவ்வளவு சிமிழும் எங்கே போகும் என்று கேட்டால், நவராத்திரி இருக்கிறதே! கொலு பார்க்க வருகிற மாமிகளுக்கு வெற்றிலை பாக்கு, மஞ்சள், தேங்காயோடு ஒரு சிமிழும் வைத்துக் கொடுப்பதை மாமா சட்டமாக்கிவிட்டார். ரவிக்கைத் துணி வீட்டுக்கு வீடு சுற்றும் வழியில் சிமிழும் சுற்றத் தொடங்கியது. சரஸ்வதி பூஜையன்று அடையவளஞ்சான் வீதியில் ஒரு வீட்டில் மாமிக்குக் கிடைத்த பைக்குள் அந்தச் சிமிழ் இருந்தது. மூடியில் பென்சில் புள்ளி.

மாமியின் முகம் போன போக்கை மாமா கவனிக்கவில்லை. "பார்த்தியா, எல்லார் ஆத்துலயும் இருக்கு!"

இப்படிப்பட்டவர் ஒரு நாள் அம்பாசமுத்திரம் போகாமல் இருக்க முடியாது. மரக் கடைசலில் சொப்புச் சாமான் செய்து பெயர் வாங்கிய ஊர். அங்கே ஒரு பட்டறைக்காரர், அளவுகோல் எதையும் தொடாமல், மாமா மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டுகிற நேரத்துக்குள் ஒரு சொப்பைக் கடைந்து முடித்தார். சுழல்கிற மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்த, உராய்ந்த சூட்டிலேயே அரக்கு உருகி நிறம் பிடித்தது. மூடியைப் போட்டார். எடுத்தார். டப். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. கை அடுத்த கட்டைக்குப் போய்விட்டது.

மாமா மெல்லத் தன் சிமிழை எடுத்து நீட்டினார். பட்டறைக்காரர் புள்ளிக்குப் புள்ளி சேர்த்தார், திறந்தார், அடியைத் தட்டிப் பார்த்தார்.

"இத என்ன விலைக்கு சார் கொடுக்கிய?"

"விக்கறதில்லைப்பா. சும்மா எல்லாருக்கும் கொடுப்பேன்."

"எத்தன நாளாவும் ஒண்ணு முடிக்க?"

"ஒரு வாரம்."

பட்டறைக்காரர் சிமிழைத் திருப்பிக் கொடுத்தார். "விக்காம இருந்ததால நீங்க பொழச்சிய சார். நம்மளால அப்படி ஆசைக்குக் கடைய முடியுமா?"

மாமா ஊர் திரும்பியதும் இந்தப் பேச்சை எல்லோரிடமும் சொன்னார். "தொழில்காரனே பொறாமைப்பட்டான்" என்றுதான் சொன்னார். யோசித்துப் பார்த்தால், அது பொய் என்றும் சொல்ல முடியாது.