மூழ்குவதற்கும் ஃபீஸ் உண்டு

தண்ணீரில் மூழ்குவதற்கு யாராவது காசு கட்டுவார்களா? நான் கட்டினேன். ஜி.எஸ்.டி தனி.

இத்தனைக்கும் ஓசியிலேயே மூழ்கும் வாய்ப்பு ஒருமுறை வீடு தேடி வந்திருக்கிறது. 2015 டிசம்பரில் நாங்கள் முடிச்சூரில் குடியிருந்தோம். அடையாறு படியேறி ஹாலுக்கு வந்து, சோபாவைக் கொஞ்ச நேரம் தாலாட்டிவிட்டு, டிவி ஸ்டாண்டைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டது. மாடிப்படிக்குப் படகைக் கொண்டுவந்த பையன், "நீச்சல் தெரியுமா சார்?" என்றான். கெத்தாக "தெரியும்" என்றேன். "அப்ப நீங்க கடைசி ட்ரிப்ல வாங்க" என்று போய்விட்டான். கடைசி ட்ரிப் வர நாலு மணி நேரம் ஆனது.

நான் சொன்னது முழுப் பொய் இல்லை. பத்து வயதில் திண்டிவனம் பக்கம் தாத்தா ஊர்க் கிணற்றில், மாமா என் முதுகில் காலி மண்ணெண்ணெய் டின்னைக் கட்டித் தள்ளிவிட்டார். நன்றாகவே மிதந்தேன். டின்னை அவிழ்த்துவிட்டு நீந்த வேண்டிய கட்டம் வந்தபோது லீவு முடிந்துவிட்டது. என்னைவிட அந்த டின்னுக்குத்தான் நீச்சல் தெரியும்.

அப்புறம் சேலையூருக்குக் குடிபெயர்ந்தோம். 2021 பிப்ரவரியில் நீலாங்கரைக் கடலில் 60 அடி ஆழத்தில் ஒரு ஜோடி கல்யாணம் செய்துகொண்டது. புடவை, வேட்டி, மாலை, தாலி எல்லாம் தண்ணீருக்குள்ளேயே. என் மனைவியின் தம்பி வீடியோவை வாட்ஸப்பில் அனுப்பினான். எல்லோரும் தாலி கட்டுவதைப் பார்த்தார்கள், நான் மாப்பிள்ளையின் வேட்டியைப் பார்த்தேன். 60 அடியில் அசையாமல் நிற்கிறது. எனக்குத் தரையிலேயே பெல்ட் போட்டால்தான் நிற்கும்.

"நாமளும் கத்துக்கலாமா மாமா?" என்றான் மச்சான். 46 வயதில் ஒரு மனுஷன் யோசித்துவிட்டுத்தான் சரி என்று சொல்ல வேண்டும். நான் சரி என்று சொல்லிவிட்டு இன்றுவரை யோசிக்கிறேன்.

தென்சென்னைப் பக்கம் ஒரு டைவிங் க்ளப்பில் சேர்ந்தோம். க்ளப் என்றதும் ஏ.சி., சீட்டாட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வாட்ஸப் குரூப், ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஒரு நீச்சல் குளம், முடிந்ததும் பக்கத்துக் கடையில் பொங்கல் வடை. இந்த மூன்றில் எனக்கு முழு அட்டெண்டன்ஸ் பொங்கல் வடையில் மட்டும்.

முதலில் உடம்பைப் பற்றி ஒரு ஃபாரம். ஆஸ்துமா உண்டா, சைனஸ் உண்டா, காதில் கோளாறு உண்டா? எல்லாவற்றுக்கும் "இல்லை" போட்டேன். என் நுரையீரல் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. நோயாளிகளுக்கு நல்ல காற்று வேண்டும் என்று டாக்டர் டேவிட் சௌரிமுத்து 1928-ல் சானடோரியம் கட்டுவதற்குத் தேடிப் பிடித்த ஊர் எங்கள் தாம்பரம். அந்தக் காற்றில் இருபது வருஷம் ஊறிய நுரையீரல் இது. ஆனால் அவர் தேர்ந்தெடுத்தது மலையடிவாரத்தை. நான் மூச்சு விட்டதெல்லாம் ஜி.எஸ்.டி ரோட்டில்.

அடுத்து நீச்சல் டெஸ்ட். நிற்காமல் 200 மீட்டர் நீந்த வேண்டும், பத்து நிமிஷம் மிதக்க வேண்டும். மிதப்பதில் நான் ஃபர்ஸ்ட். என் தொப்பைக்கு அது ஒரு வேலையே இல்லை. நீந்துவதுதான் இழுத்தது. மூன்றாவது லெங்த்தில் கோச் பதறிக்கொண்டு ஓடிவந்து, "அங்கிள், இது என்ன ஸ்ட்ரோக்?" என்றான். அவன் கேட்டது நீச்சலைப் பற்றியா, ஆஸ்பத்திரி விஷயமா என்று எனக்கு இன்னும் தெளிவாகவில்லை.

இரண்டு மாதம் தினமும் போய்ப் பழகி, ஒரு வழியாக 200 மீட்டரைக் கடந்தேன். கரையேறியபோது குளமே கைதட்டியது. அடுத்த பேட்ச் குழந்தைகள். எனக்காக அரை மணி நேரம் காத்திருந்தார்கள்.

தியரியில் நான் புலி. 1943-ல் பிரான்ஸில் கூஸ்தோவும் கான்யானும் சேர்ந்து, தண்ணீருக்கடியில் மூச்சுவிடும் இந்த ஸ்கூபா கருவியைச் செய்தார்கள். போர்க்காலப் பெட்ரோல் பஞ்சத்தில் கார்களை கேஸில் ஓட்டுவதற்காக கான்யான் வைத்திருந்த வால்வைத்தான் மனுஷன் மூச்சுக்குத் தோதாக மாற்றினார்கள். ஆக, கடலுக்கடியில் போகிறவன் ஒரு வகையில் கேஸ் ஆட்டோ. என் விஷயத்தில் சத்தமும் அப்படியேதான் வந்தது.

ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் தண்ணீரின் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடிக்கொண்டே போகும். 10 மீட்டர் ஆழத்தில் முழுசாக இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அந்தக் காற்று வழியிலேயே இரண்டு மடங்காக விரியும், நுரையீரல் தாங்காது. அதனால் ஸ்கூபாவின் முதல் பாடம், மூச்சை அடக்காதே. தண்ணீரைக் கண்டால் மூச்சைப் பிடி என்று நாற்பது வருஷமாக உடம்புக்குச் சொல்லிக்கொடுத்தவனுக்கு இது எப்படி இருக்கும்? பேப்பரில் 50-க்கு 47 வாங்கினேன். பேப்பர் நனையாமல் இருந்ததுதான் காரணம்.

பிறகு எடை. டாங்க்கே 15 கிலோவுக்கு மேல். அதற்கு மேல் இடுப்பில் ஈயக்கட்டி. கொழுப்பு மிதக்கும் என்பதால் கொழுப்புக்குத் தக்கபடி ஈயம். மச்சானுக்கு நாலு கட்டி போதும் என்றார்கள். எனக்குக் கட்டிக்கொண்டே இருந்த கோச், நடுவில் ஸ்டோர் ரூமுக்குப் போய்விட்டு வந்தான்.

இனி மீசைக்கு வருகிறேன். சக மீசைக்காரர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

டைவிங் மாஸ்க் கண்ணோடு மூக்கையும் சேர்த்து மூடும். அதன் சிலிகான் ஓரம் மூக்குக்குக் கீழே தோலோடு ஒட்டி உட்கார வேண்டும். அங்கே முடி இருந்தால், ஒவ்வொரு முடியும் தண்ணீருக்கு ஒரு வாய்க்கால். காலேஜ் செகண்ட் இயரிலிருந்து நான் வளர்த்த மீசை, ஒரு நிமிஷத்தில் மாஸ்க்குக்குள் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டது. மூக்கு முழுகியது, அப்புறம் கண்.

மாஸ்க்கின் மேல் விளிம்பை அழுத்திப் பிடித்து, அண்ணாந்து, மூக்கால் ஊதினால் தண்ணீர் கீழ்வழியாக வெளியேறிவிடும். ரொம்ப சுலபம். நானும் ஊதினேன், வெளியேறியது. ஊதிய மூக்கு பழக்க தோஷத்தில் திரும்ப இழுத்தது. அன்றைக்கு நான் உள்ளே அனுப்பிய குளோரினில் என் மூளை ஒரு வாரம் சுத்தமாக இருந்திருக்கும்.

"மூக்குக்கு நேர் கீழ மட்டும் ஒரு நூல் அகலம் எடுத்துடுங்க அங்கிள், போதும்" என்றான் கோச். கேம்ப் ரோடு சலூனில் போய்ச் சொன்னேன். கடைக்காரர் கத்திரியை வைத்துவிட்டு, "மேலயா சார்? கீழ இல்லயா?" என்று மூன்று தடவை கேட்டார். இடது பக்கம் எடுத்தார். வலது பக்கம் கொஞ்சம் தூக்கலாகத் தெரிந்தது, அதை எடுத்தார். இப்போது இடது தூக்கல். குரங்கு அப்பம் பங்கிட்ட கதை உங்களுக்குத் தெரியும். அதில் அப்பம் என் மீசை.

ஐப்ரோ பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு கோட்டோடு வீட்டுக்கு வந்தேன். மாமியார் வந்திருந்தார். ரொம்ப நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "மாப்ள கம்பெனி மாறிட்டாரா?" என்று மகளிடம் கேட்டார்.

அடுத்த ஞாயிறும் தண்ணீர் உள்ளே வந்தது. மிச்சமிருந்த கோட்டின் மேல் வாசலின் தடவினோம், அப்போதும் வந்தது. கோச் தண்ணீருக்கடியில் என் முகத்துக்கு நேரே வந்து ஆராய்ந்துவிட்டு, மேலே கூட்டிவந்து சொன்னான்: "நீங்க சிரிக்கிறீங்க அங்கிள். சிரிச்சா கன்னம் மடியும், அந்த மடிப்பு வழியா வருது." அது சிரிப்பு இல்லை தம்பி, பயந்தால் என் முகம் அப்படித்தான் போகும்.

சைகை விஷயத்திலும் மானம் போனது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து வட்டம் போட்டால் "ஓகே". கட்டைவிரலை மட்டும் தூக்கினால் "மேலே போகணும்". பரீட்சையில் சரியாக எழுதியவன்தான். குளத்தின் அடியில் கோச் வட்டம் போட்டுக் காட்ட, நான் உற்சாகமாகக் கட்டைவிரலைத் தூக்க, பதறிப்போய் என்னை மேலே கூட்டிவந்தான். "என்னாச்சு அங்கிள்?" "சூப்பர்னு சொன்னேன் தம்பி." இது ஒரே காலையில் மூன்று தடவை.

அன்று ராத்திரி குரூப்பில் அடுத்த வார டைமிங் போட்டார்கள். வழக்கம்போலக் கட்டைவிரல் போட்டேன். "அங்கிள் மேல போறாராம்" என்று ஒரு பொடியன் எழுத, பன்னிரண்டு பேர் கைகூப்பும் படம் போட்டார்கள்.

தனியாக இறங்கக் கூடாது, கூட ஒரு ஜோடி வேண்டும் என்பது சட்டம். இது வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு என்று கோச் நினைத்துக்கொண்டிருக்கிறான். தூத்துக்குடிப் பக்கம் முத்துக் குளித்தவர்கள் டாங்க்கும் இல்லாமல் மாஸ்க்கும் இல்லாமல், கல்லின் கனத்தில் ஒரே மூச்சில் இறங்கினார்கள். மேலே படகில் கயிறு பிடிக்க மச்சானைத்தான் நிறுத்துவார்கள் என்று சொல்வார்கள். அக்கா தாலியை நினைத்தாவது கயிற்றை விடமாட்டானாம். மலையேறப் போனாலும் மச்சான் துணை வேண்டும் என்பது சும்மா இல்லை. என் மச்சானும் அக்கா தாலியை நினைத்துத்தான் கூட வந்தான். முதல் மீனைப் பார்த்ததும் அக்காவையே மறந்துவிட்டான்.

கடலுக்குப் போன நாளும் ஒரு ஞாயிறுதான். ஈ.சி.ஆர் குப்பம் ஒன்றிலிருந்து ஃபைபர் படகு. கரை கண்ணுக்கு மறையுமுன்பே எனக்கு வயிற்றைப் புரட்டியது. காலையில் சாப்பிட்ட நாலு இட்லியும் கடலில் போய்ச் சேர்ந்தன. "பரவால்ல சார், மீன் நல்லா கூடும்" என்றார் படகு அண்ணன். அன்றைய பயணத்தில் கடலுக்கு உருப்படியாக ஏதாவது கொடுத்தவன் நான் ஒருவன்தான்.

யூட்யூபில் பார்த்த கடல் நீலம். அன்றைக்கு நம்ம கடல், பாசிப்பயறு வேகவைத்து வடித்த தண்ணீர் நிறம். மூக்கைப் பிடித்துக் காதுக்குக் காற்றை ஊதி ஊதி, 12 மீட்டர் இறங்கினேன். டாங்க்கில் 200 பார் காற்று. மீட்டரில் 50 இருக்கும்போதே மேலே வந்துவிட வேண்டும். நிதானமாக மூச்சு விடுகிறவர்களுக்கு அது 40 நிமிஷம் வந்தது. என் மீட்டர் முள் ராத்திரி பத்து மணி ஆட்டோ மீட்டர் மாதிரி ஓடி, 16-வது நிமிஷமே ஐம்பதைத் தொட்டது.

ஒருவன் மேலே போனால் ஜோடியும் போக வேண்டும். மச்சான் அப்போதுதான் ஒரு பாறை இடுக்கில் எதையோ கண்டுபிடித்திருந்தான். தோளைத் தட்டிக் கட்டைவிரலைத் தூக்கினேன். "சூப்பர்" என்கிறேன் என்று நினைத்துக்கொண்டு பாறைப் பக்கமே திரும்பிவிட்டான். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் சைகையைச் சரியாகச் செய்திருந்தேன்.

எப்படியோ இழுத்துக்கொண்டு ஏறினேன். வழியில் 5 மீட்டரில் மூன்று நிமிஷம் நிற்க வேண்டும், பாதுகாப்புக்காக. அந்த மூன்று நிமிஷமும் எனக்கு எதிரே நின்று மச்சான் பார்த்த பார்வைக்குச் சைகைப் புத்தகத்தில் படம் இல்லை.

ஆனால் நானும் ஒரு மீன் பார்த்தேன். படகில் ஏறியதும் முழங்கை வரைக்கும் அளந்து காட்டினேன். தண்ணீருக்குள் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிசாகத் தெரியும் என்று கோச் நினைவூட்டினான். கொஞ்சம் குறைத்துக் காட்டினேன். படகு அண்ணன் நிறம், வால், வயிறு எல்லாம் விசாரித்துவிட்டுச் சொன்னார்: "அது காரப்பொடி சார். குழம்புக்குக் கூறு போட்டு விப்பாங்க."

மச்சானுக்கு 18 மீட்டர் வரை இறங்கலாம் என்று கார்டு வந்தது. எனக்கு "இன்னும் ரெண்டு செஷன் அங்கிள்" என்று மெசேஜ் வந்தது. கட்டைவிரல் போடாமல் ஜாக்கிரதையாக "ஓகே" என்று டைப் செய்தேன்.

போன மாதம் வீட்டில் மோட்டார் புகைந்துபோய், கிணற்றில் தண்ணீர் சேந்தினோம். கயிறு நைந்து வாளி உள்ளே விழுந்துவிட்டது. "என்னங்க, அதான் டைவிங் எல்லாம் கத்துக்கிட்டீங்களே" என்றாள் மனைவி. கிணற்றை எட்டிப் பார்த்தேன். இன்னும் ரெண்டு செஷன் பாக்கி இருக்கிறது என்று உண்மையைச் சொன்னேன்.

பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் பாதாளக் கரண்டி இருக்கிறது. வளையம் முழுக்கக் கொக்கி தொங்கும் இரும்புச் சாமான். கயிற்றில் கட்டி இறக்கித் துழாவினால் விழுந்ததெல்லாம் மாட்டிக்கொண்டு வரும். ஆனால் சும்மா தரமாட்டார்கள். திருப்பிக் கொடுக்கும்வரை வீட்டிலிருந்து ஏதாவது ஒரு பாத்திரத்தை அடகு வைக்க வேண்டும், அதுதான் வழக்கம். "எதைக் கொடுத்தே?" என்று மனைவியிடம் கேட்டேன். "சும்மா கெடந்துச்சேன்னு உங்க மாஸ்க்கைக் கொடுத்தேன்" என்றாள்.

இரண்டாவது துழாவலில் வாளி வந்தது. கூடவே முன்பு குடியிருந்தவர்களின் செம்பு ஒன்றும் வந்தது. கரண்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பாட்டி சமையலறையில் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"இது நல்ல சாமான் தம்பி. ரெண்டு கிலோ உரிச்சிட்டேன், கண்ணு எரியவே இல்ல. ஒரு பொட்டுக் காத்துகூட உள்ள வரல" என்றார்.

வராதுதான். பாட்டிக்கு மீசை இல்லை.