பனிக்கால மேனி குறித்து வானிலைத் துறைக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: தலைமை இயக்குநர், இந்திய வானிலை ஆய்வுத் துறை, மௌசம் பவன், லோதி சாலை, புதுதில்லி.

பொருள்: குளிர்காலத்தைத் தொடங்கிவைக்கும் அதிகாரம் அழகுசாதன விளம்பரங்களுக்குக் கைமாறியிருப்பது, வறண்ட தோலுக்கு ஈரப்பத சீரம் வாங்கத்தான் வேண்டுமா என்பது தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

துறையின் நாட்காட்டிப்படி இந்தியாவின் குளிர்காலம் ஜனவரியும் பிப்ரவரியும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழ்நாட்டுக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். 1875-இல் தொடங்கப்பட்ட துறை மழைமானியையும் வெப்பமானியையும் நம்பிக் காப்பாற்றிவந்த இந்தப் பகுப்பை, ஈரப்பத சீரம் விற்போர் கேட்காமலே திருத்திவிட்டார்கள். அவர்களுடைய குளிர்காலம் தீபாவளித் தள்ளுபடி முடிந்த மறுநாள் பிறக்கிறது. அதுவும் காஷ்மீருக்கும் கன்னியாகுமரிக்கும் ஒரே நாளில். சென்னை வேளச்சேரித் தெருவில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும் வாரத்தில், அதே தெருவின் கைபேசிகளில், வறண்ட குளிர்காற்று முகத்தின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டிருப்பதாக எச்சரிக்கை ஒளிர்கிறது. புயலுக்கே துறை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று படிப்படியாகத்தான் போகும். சீரத்துக்கு எடுத்த எடுப்பிலேயே சிவப்பு.

கடலோர ஊர்களில் குளிர் அலை என்று அறிவிக்க வெப்பநிலை 15 டிகிரிக்காவது இறங்கியிருக்க வேண்டும் என்பது துறையின் விதி. சென்னையில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரி; 1905 ஜனவரியில் அது நிகழ்ந்தபோது சீரம் விற்க ஆள் இல்லை. மற்ற ஆண்டுகளில் இந்நகரத்து வீடுகளுக்குக் குளிர்காலம் வந்ததைச் சொல்வது தேங்காய் எண்ணெய்ப் புட்டிதான். சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் எண்ணெய் உறையும். மார்கழிக் காலையில் புட்டியை வெந்நீரில் வைத்து இளக்கவேண்டியிருக்கும். பத்து மணி வெயிலில் அது தானாகவே உருகிவிடும் என்பதால், இந்தக் குளிர்காலத்தின் ஆயுள் நாளொன்றுக்கு நான்கைந்து மணி நேரம்.

தோலை வறட்டுவதில் குளிரைவிடக் காற்றின் நீரின்மைக்கே பெரிய பங்கு. இந்த இடத்தில் துறையின் அன்றாட அறிக்கையும் சற்றுக் குழப்பத்துக்கு இடம் வைக்கிறது. தில்லியின் ஜனவரி மூடுபனிக் காலையில் ஈரப்பதம் 95 சதவீதத்தைத் தாண்டும். அந்த எண்ணை மட்டும் பார்ப்பவருக்குத் தில்லிவாசிகளின் உதடு ஏன் வெடிக்கிறது என்பது புரியாது. சதவீதம் சொல்வது, அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு இருக்கிறது என்பதை. தாங்கும் திறனோ குளிரக் குளிரச் சுருங்கும். 5 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று 6.8 கிராம் நீராவியோடு நிறைந்துவிடும். அதே காற்றை அறைக்குள் விட்டு ஹீட்டரால் 22 டிகிரிக்குச் சூடேற்றினால், உள்ளே இருப்பது அதே 6.8 கிராம், தாங்கும் திறன் மட்டும் 19.4 கிராமாக விரிந்துவிடும். ஈரப்பதம் 35 சதவீதம். வெளியே மூடுபனி, உள்ளே பாலை.

சென்னையின் ஜனவரிக் காலையை 21 டிகிரி, 85 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் கனமீட்டருக்கு 15 கிராமுக்கு மேல் நீராவி வருகிறது. தில்லியில் இருப்பதைப்போல் இருமடங்குக்கும் மேல். தலைகுந்தாவில் புல்வெளி உறைபனியால் வெளுக்கும் நாட்களில் நீலகிரிக்காரர்கள் தோல் வறட்சி பற்றிப் புகார் சொன்னால் அதில் நியாயம் உண்டு. சமவெளிக்காரர்கள் அதே புகாரைச் சொன்னால் முதலில் விசாரிக்கவேண்டியது ஏசியை. ஜன்னலுக்கு வெளியே குழாய்வழி சொட்டுகிற தண்ணீர் வானத்திலிருந்து வந்ததல்ல, அறைக் காற்றிலிருந்து பிழிந்தெடுக்கப்பட்டது. அலுவலகத்தில் எட்டு மணி நேரம் அப்படிப் பிழிந்த காற்றில் உட்கார்ந்திருப்பவருக்கு மே மாதத்திலும் தோல் வறளும். இந்தக் குளிர்காலத்தைத் தொடங்கிவைப்பது ரிமோட் என்பதால் துறையின் மீது பழி இல்லை.

இனி, வறட்சி நிகழும் இடம். தோலின் மேலே கிடக்கும் இறந்த செல்களின் அடுக்கு, உடலின் பெரும்பகுதியில் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குகூடத் தேறாது. செங்கல்போல அடுக்கிய செல்கள், இடையே சாந்துபோல செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள்; இதுதான் உடலின் நீர் வெளியே போகாமல் காக்கும் சுவர். செல்களுக்குள் அமினோ அமிலங்கள், லாக்டேட், யூரியா முதலிய நீர் பிடிக்கும் பொருட்கள் இயற்கையாகவே உண்டு. அடுக்கின் நீர் ஏறத்தாழ 10 சதவீதத்துக்குக் கீழே போனால் தோல் சொரசொரக்கும், செதில் விடும், நகத்தால் கீறினால் வெள்ளைக் கோடு விழும். அந்தக் கோட்டைப் போட்டுப் பார்க்காத பள்ளிப் பிள்ளை தமிழ்நாட்டில் இல்லை. ஆய்வகக் கருவிகள் பிற்பாடு வந்தவை.

1952-இல் இர்வின் பிளாங்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் காய்ந்த தோல்காய்ப்புத் துண்டுகளை வைத்துச் சோதித்தார். எண்ணெயில் ஊறப்போட்ட துண்டு விறைப்பாகவே இருந்தது. நீர் ஏறிய துண்டு வளைந்துகொடுத்தது. தோலை இளக்குவது நீர்தான் என்பது அப்போது உறுதியானது. எண்ணெயின் வேலை அந்த நீரைப் போகவிடாமல் மறிப்பது. சீரம் வணிகம் இந்த ஆய்வின் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு, மறிக்கும் வேலைக்குத் தனியாக ஒரு கிரீமை அடுத்த பக்கத்தில் விற்கிறது.

ஈரப்பத சீரத்தின் நாயகன் ஹயலுரானிக் அமிலம். 1934-இல் கார்ல் மேயரும் ஜான் பாமரும் மாட்டின் கண்ணிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். மனித உடலில் கண்ணிலும் மூட்டிலும் தோலின் உள்ளடுக்கிலும் நிறையவே உள்ள பொருள். தன் எடையைப்போல் ஆயிரம் மடங்கு நீரைப் பிடித்துவைக்கும் என்பது புட்டிதோறும் சொல்லப்படும் பெருமை. அந்தப் பெருமையைச் சல்லிக்காசு குறைக்காமல் அப்படியே ஏற்றுக்கொண்டு கணக்குப் போடலாம். 30 மில்லி புட்டியில் ஒரு சதவீதம் என்றால் 0.3 கிராம் அமிலம். முகத்துக்கு மூன்று சொட்டு, அதாவது சுமார் 0.15 மில்லி. அதில் இருக்கும் அமிலம் 1.5 மில்லிகிராம். அது பிடிக்கும் ஆயிரம் மடங்கு நீர் ஒன்றரை மில்லி. மருந்து கொடுக்கும் சிறு மூடியில் பாதிகூட நிறையாது. மழைமானியில் இந்த அளவு பதிவானால் துறை அதை அறிக்கையில் சேர்க்குமா என்பது தெரிந்ததே.

பெரிய மூலக்கூறு கொண்ட ஹயலுரானிக் அமிலம் தோலுக்குள் இறங்குவதில்லை. சுமார் 500 டால்டனுக்கு மேற்பட்ட மூலக்கூறுகள் நல்ல தோலைக் கடப்பது கடினம் என்பது மருந்தியலில் பழகிய விதி; இந்த அமிலத்தின் எடையோ பல லட்சம் டால்டன் வரை போகும். மேலே மெல்லிய படலமாகப் படிந்து, அந்தச் சில மணி நேரம் தோலை உப்பலாகவும் வழவழப்பாகவும் காட்டும். மெல்லிய சுருக்கங்கள் அப்போதைக்கு மங்கும். இது பொய்யான பலன் அல்ல, கழுவினால் போகிற பலன். துண்டு துண்டாக்கிய சிறு மூலக்கூறு வகை சற்று உள்ளே போகும் என்பதால் அதற்குத் தனி விலை, தனிப் புட்டி.

வறண்ட அறையில் சீரத்தை மட்டும் பூசிவிட்டுத் தூங்கப் போவது பாதி வேலை. சீரத்தில் பெரும்பங்கு நீர். மேலே எதுவும் மூடாவிட்டால் அந்த நீர் ஹீட்டர் அறையின் காற்றுக்கே போய்ச்சேரும். முகத்தில் நீர் தங்கவேண்டுமானால் மேலே கொழுப்போ மெழுகோ ஏதாவது ஒன்று மறிக்கவேண்டும். ஆகவே சீரம் வாங்கியவர் கிரீமும் வாங்கியே தீரவேண்டும். கிரீம் மட்டும் வாங்கியவருக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை, ஏனென்றால் நல்ல கிரீமில் நீர் பிடிக்கும் பொருளும் மறிக்கும் பொருளும் ஒன்றாகவே கலந்திருக்கின்றன.

அந்த நீர் பிடிக்கும் பொருள் பெரும்பாலும் கிளிசரின். 1779-இல் ஷீலே என்ற வேதியியலாளர் ஆலிவ் எண்ணெயிலிருந்து பிரித்தது. மருந்துக் கடையில் மூலையில் கிடப்பது. அதற்கு விளம்பரத் தூதர் யாரும் இல்லை. மூலக்கூறு சிறியது, எடை 92 டால்டன். மேலடுக்குக்குள் தாராளமாக இறங்கும். தோல் செல்களில் நீரையும் கிளிசரினையும் கடத்தும் அக்வாபோரின்-3 என்ற புரத வாயில் இல்லாத எலிகளுக்குத் தோல் வறண்டது. கிளிசரின் கொடுத்ததும் சரியானது. கடையில் சீரத்தைத் திருப்பிப் பின்பக்கப் பட்டியலைப் படித்தால், முன்பக்கத்தில் பெயர் கிடைக்காத இந்தக் கிளிசரின் பெரும்பாலும் நீருக்கு அடுத்த இடத்தில் நிற்கும். முன்பக்கத்துக் கதாநாயகன் எங்கோ கீழே இருப்பான். ஒரு சதவீதத்துக்கு மேற்பட்டவற்றை அளவு இறங்கும் வரிசையில் அச்சிடவேண்டும் என்பது விதி. பட்டியல் பொய் சொல்லாது. எழுத்து மட்டும் பொடி.

மறிப்பதில் பெட்ரோலியம் ஜெல்லியை மிஞ்ச ஆள் இல்லை. 1872-இல் ராபர்ட் செஸ்ப்ரோ வாசலினுக்குக் காப்புரிமை பெற்றார். தோலிலிருந்து நீர் ஆவியாவதைக் கிட்டத்தட்ட முழுதாக அது நிறுத்திவிடும். பிசுபிசுப்புதான் குறை. தேங்காய் எண்ணெய்க்கும் சான்று உண்டு. 2004-இல் பிலிப்பைன்ஸ் ஆய்வொன்று, மிதமான தோல் வறட்சியில் அது கனிம எண்ணெய்க்கு இணையாகப் பலன் தருவதைக் கண்டது. ஆயினும் முகப்பரு வரும் முகத்துக்கு அது ஒத்துவராது. கைகால்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது. செலவே இல்லாத வேலைகளும் சில. கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிக்கொள்வதை விடுவது, காரத்தன்மை மிகுந்த சோப்பைக் கைகால் முழுக்கத் தேய்ப்பதைக் குறைப்பது, துவட்டிய சில நிமிடங்களில், தோலில் ஈரம் இருக்கும்போதே, எதையாவது பூசிவிடுவது. இவற்றை மறுநாளே நிறுத்திவிட்டு சீரத்தை மாற்றிக்கொண்டே போவது வணிகத்துக்கு உகந்தது.

எண்ணெய் வழியும் முகமாக இருந்தும் ஏசியில் தோல் இழுத்துப்பிடிப்பவர்கள், கனமான கிரீம் ஒத்துக்கொள்ளாதவர்கள், ஒப்பனைக்கு முன் மெல்லிய ஒன்று வேண்டுவோர், இவர்களுக்கு ஈரப்பத சீரம் பயனுள்ளதே. அவர்களும் சில நூறு ரூபாய்ப் புட்டியோடு நிற்கலாம். சில ஆயிரத்துக்கு உயர்ந்தால் கண்ணாடிக் குப்பி கனமாகும், ஹயலுரானிக் அமிலம் அதேதான். மற்றவர்கள் முதலில் வாங்கவேண்டியது கிளிசரினும் செராமைடும் உள்ள ஒரு கிரீம். என்ன பூசியும் வாரக்கணக்கில் தீராத வறட்சி, அரிப்பு, வெடிப்பு என்றால் அது மருத்துவர் பார்க்கவேண்டியது. தைராய்டுக் குறைபாடும் சர்க்கரை நோயும் அப்படியும் தலைகாட்டும்.

ஆகவே துறையின் பரிசீலனைக்குச் சில கோரிக்கைகள். அன்றாட அறிக்கையில் ஈரப்பதச் சதவீதத்தோடு பனிப்புள்ளி வெப்பநிலையையும் பெரிய எழுத்தில் வெளியிடலாம். காற்றில் உண்மையில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதை அதுவே சொல்லும். உழவர்களுக்கு வேளாண் வானிலை அறிவுரை தருவதுபோல் தோல் வறட்சிக்கும் ஊர்வாரியாக நிறம் குறிக்கலாம்: தில்லிக்கும் நீலகிரிக்கும் ஆரஞ்சு, ஏசி பொருத்திய தளங்களுக்கு மஞ்சள், சென்னை மீனம்பாக்கத்துக்கு நிறமே இல்லை. வட இந்தியப் பெருங்கடல் புயல்களுக்கு 13 நாடுகள் கூடி 2020-இல் 169 பெயர்கள் தயாரித்தன. ஆண்டுதோறும் நவம்பரில் கரையைக் கடக்கும் புதுச் சீரங்களுக்கும் அப்படி ஒரு பட்டியல் இருந்தால், உருவானது எது, வலுவிழந்தது எது என்று பொதுமக்கள் கண்காணிக்க உதவும். குளிர்காலம் பிறந்துவிட்டது என்று அறிவிக்கும் அதிகாரம் துறையிடம் திரும்பும்வரை, நவம்பர் மாத விளம்பரங்களின் அடியில் அன்றைய சென்னை மழையளவை மில்லிமீட்டரில் அச்சிட உத்தரவிடக் கோரப்படுகிறது.

இப்படிக்கு,
மேற்படித் தோலின் உடைமையாளர்கள்.

நகல்: கோடைக்கான சீரத்தின் விளம்பரத்தை இப்போதே அச்சேற்றிக்கொண்டிருக்கும் நிறுவனங்களுக்கு, தகவலுக்காக.