அட்டவணை மாமா

கரமனை, வலியசாலை, கோட்டை என்று திருவனந்தபுரத்தில் தமிழ் புழங்கும் தெரு எதுவானாலும் அதில் ஓர் அட்டவணை மாமா இருப்பார். ஏஜீஸ் ஆபீஸில் தணிக்கை பார்த்து ஓய்வு பெற்றவர் என்றால் உத்தமம். ஊர் சுற்றுவதில் அவருக்குப் பெரிய நாட்டமில்லை. சுற்றப் போகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பதில்தான் உயிர். பக்கத்து வீட்டில் "லீவுக்குப் பசங்க வரா" என்ற பேச்சு காதில் விழுந்தால் போதும், சாயங்காலத்துக்குள் தாள் தயார்.

அந்தத் தாளுக்கு ஓர் இலக்கணம் உண்டு. ஐந்து கட்டங்கள்: நேரம், இடம், தூரம், கழிவறை, மாற்று ஏற்பாடு. முதல் நான்கையும் யார் வேண்டுமானாலும் போட்டுவிடலாம். ஐந்தாவதில்தான் மாமாவின் மேதைமை. மழை வந்தால் என்ன, டிரைவர் வராவிட்டால் என்ன, வந்த டிரைவர் டீ குடிக்கப் போய்த் திரும்பாவிட்டால் என்ன, எல்லாவற்றுக்கும் அங்கே பதில் இருக்கும். எந்த மாதமானாலும், எந்த ஊரானாலும் கடைசி வரி மட்டும் மாறாது: 'கையில் குடை.'

வெளியூர்க்காரர்கள் சிரிக்கலாம். இந்த ஊரில் குடியிருந்து பார்த்தால்தான் மாமாவின் அருமை தெரியும். இங்கே மிருகசாலை திங்கட்கிழமை திறக்காது. அது தெரியாமல் நாகர்கோவிலிலிருந்து வேன் பிடித்து வந்து, பூட்டிய கேட்டுக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டு திரும்பும் குடும்பங்கள் ஏராளம். பங்குனியிலும் ஐப்பசியிலும் ஆறாட்டன்று பத்மநாபசுவாமி சங்குமுகம் கடலுக்கு எழுந்தருளும் வழி, விமான நிலையத்தின் ஓடுபாதை. அந்தச் சில மணி நேரம் ஒரு விமானமும் ஏறாது, இறங்காது. துபாய் மாப்பிள்ளைகள் டிக்கெட் எடுக்குமுன் மாமாவிடம் வந்து பஞ்சாங்கம் கேட்பது பக்தியால் அல்ல.

அப்புறம் ஹர்த்தால். ஏழு நாள் முன்னறிவிப்பு இல்லாமல் ஹர்த்தால் கூடாது என்று கேரள உயர்நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்னது. அது தமக்காகவே போட்ட உத்தரவு என்று மாமா அன்றைக்குப் பாயசம் வைக்கச் சொன்னார். மாமி வைக்கவில்லை. வெல்லம் வாங்கும் வேலை அன்றைய தாளில் இல்லையாம்.

திட்டமில்லாமல் கிளம்புகிறவர்களுக்கு மாமா ஒரே ஓர் உதாரணம்தான் சொல்வார். 2023 ஜூனில், திருப்பதியிலிருந்து வந்து இறங்கிய அனுமன் குரங்கு ஒன்று நம் மிருகசாலையில் கூண்டு திறந்த கையோடு ஓடிப்போனது. மூன்று வாரத்துக்கு மேல் நகரத்து மரங்களில் தளிர் தின்றுகொண்டு சுற்றியது. கடைசியில் பாளையத்தில் ஜெர்மன் மொழி சொல்லிக்கொடுக்கும் ஒரு நிலையத்தின் கழிவறையில் பிடிபட்டது. "பாத்தேளா? எங்கே போறோம்னு தீர்மானிக்காமக் கிளம்பினா கடைசியிலே கக்கூஸ்லதான் போய் நிக்கணும். அதான் நான் அதுக்குன்னே தனிக் கட்டம் போட்டிருக்கேன், மனசிலாச்சோ?"

'ஒரே நாளில் காடும் கடலும்' என்ற தாள்தான் மாமாவின் பெருங்காவியம். முற்பகல் நெய்யாறு, பிற்பகல் கோவளம். நெய்யாறு சரணாலயம் 1958-ல் அறிவிக்கப்பட்டது. பரப்பு 128 சதுர கிலோமீட்டர். அதற்கு மாமா ஒதுக்கியிருப்பது ஒரு மணி ஐம்பது நிமிடம். சிங்கம் பார்க்க வேண்டும் என்று பழைய நினைப்பில் யாராவது கேட்டால், சிங்க உலா நின்றுபோய்ச் சில வருஷமாகிறது என்ற தகவல் அடிக்குறிப்பில் இருக்கும். மீதி இருப்பது முதலை. முதலைக்கு இருபது நிமிடம்.

போன டிசம்பரில் எதிர்வீட்டுப் பேரன் பேத்திகளோடு மாமாவே நேரில் போனார். தாம் போட்ட திட்டத்தை நேரில் தணிக்கை செய்ய எப்போதாவது இப்படிப் போவதுண்டு. முதலைகள் வெயிலில் கிடந்தன. பதினெட்டு நிமிடம் ஓர் அசைவு கிடையாது. "பொம்மையா தாத்தா?" என்று குழந்தைகள் கேட்டுக்கொண்டே இருந்தன. இருபது முடிந்தது. "கிளம்பு, கிளம்பு" என்று மாமா கைதட்டினார். எல்லோரும் திரும்பி நாலடி வைத்ததும், பின்னால் தண்ணீர் சிதறும் சத்தமும் வேறு யார் வீட்டுக் குழந்தைகளோ கூச்சலிடும் சத்தமும் கேட்டன. நம் குழந்தைகள் திரும்பி ஓடப் பார்த்தன. மாமா விடவில்லை. "முதலை லேட்டாக்கும். அதுக்கு நாம என்ன பண்ண முடியும்?"

கடல் பாகத்துக்கு மாமா செய்த ஆராய்ச்சி தனிக்கதை. மூச்சுக்குழாயைக் கடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீரில் வைத்து மீன் பார்க்கும் ஸ்நார்கெலிங், கோவளத்தில் எப்போது சரிப்படும்? ஜூன் பிறந்துவிட்டால் தென்மேற்குப் பருவமழையில் கடல் கலங்கிச் சேறாகிவிடும். டிசம்பருக்கு மேல் தெளியும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மாமாவுக்கு மாதம் போதாது, மணி வேண்டும். ஆகவே விழிஞ்ஞம் போய், பாறை அடியில் முங்கிச் சிப்பி எடுக்கிறவர் ஒருவரைப் பிடித்து, நோட்டும் பேனாவுமாக நின்று, தண்ணீர் எத்தனை மணிக்குத் தெளியும் என்று கேட்டார். அவர் இடுப்புத் துண்டைப் பிழிந்துகொண்டே, "அது தெளியும்போது தெளியும் சாரே" என்றார். மாமா அதையும் குறித்துக்கொண்டார். 'தெளியும் நேரம்: உறுதியில்லை. மாற்று ஏற்பாடு: பஜ்ஜி.'

அதே விழிஞ்ஞத்தில் மாமாவுக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. 2024 ஜூலையில் சான் பெர்னாண்டோ என்ற பெரிய சரக்குக் கப்பல் வந்து நின்றபோது, ஊரோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். 2025 மே 2 அன்று பிரதமர் துறைமுகத்தைத் திறந்துவைத்ததையும் டிவியில் ஒரு நொடி விடாமல் பார்த்தார். "எத்தனை பெரிய கப்பல் வரது! ஆனா எல்லாம் பொட்டிக்குத்தான். பொட்டிக்கு என்ன தெரியும், அது எங்கே இறங்கி எதைப் பாக்கப் போறது?" கப்பல் வந்து, அதிலிருந்து ஆயிரம் பேர் இறங்கி, அத்தனை பேர் கையிலும் தம்முடைய தாள் இருக்கும் காட்சியை அவர் அநேகமாகக் கனவில் பார்த்துவிட்டார்.

கப்பலில் ஏற்றி அனுப்பிய பெருமையும் அவருக்கு இல்லாமல் இல்லை. தெருவிலிருந்து ஒரு கோஷ்டி லட்சத்தீவுக்குப் போனது அவர் தயவில்தான். கொச்சியில் கப்பல் ஏறி, 'சமுத்ரம்' என்ற ஐந்து நாள் சுற்றுலாவில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் பார்த்து வருவது. பகலெல்லாம் தீவு, ராத்திரி கப்பலிலேயே தூக்கம். தீவில் கால் வைக்க அனுமதிச் சீட்டு வேண்டும். ஆகவே கப்பலைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே ஒவ்வொருவர் ஆதார் நகலும் மாமாவின் கோப்பில் ஏறிவிட்டது. பெரிய கப்பல் பவளத்திட்டைத் தாண்டி உள்ளே வராது, ஆழக்கடலில் நின்றுகொள்ளும். அங்கிருந்து சின்னப் படகில் மாறிக் கரைக்குப் போக வேண்டும். உப்பங்கழியில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று குனிந்தால் வரிவரியாக மீன். கவரத்திக்குக் கொஞ்ச தூரத்தில் பிட்டி என்ற மணல்திட்டு, ஆலாப் பறவைகளின் சரணாலயம். இவை எதையும் பார்த்திராத மாமா, பார்த்துவிட்டு வந்தவர்களைத் திருத்துவார்.

"மீனெல்லாம் அப்புறம். கப்பல் நிக்கற ஊர்லே இறங்கினதும் மொதல் காரியம் என்ன? திரும்பற கடைசிப் படகு எத்தனை மணிக்குன்னு கேக்கறது."

"அப்போ நீங்களும் வரலாமே மாமா?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டார்கள். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "தும்பாவிலே 1963-லேர்ந்து ராக்கெட் விடறா. விடறவா அதுலே ஏறியா போறா?"

கோபத்துக்கு அப்புறம் சொன்னதுதான் உண்மை: "நானும் வந்துட்டா, இங்கே யாருக்குப் போன் பண்ணுவேள்?" அதற்கு ஒருவரிடமும் பதில் இல்லை. வழியில் எது தவறினாலும் அட்டவணை மாமாவுக்கு ஒரு போன் என்பது தெருவில் எழுதாத சட்டம். பாலக்காட்டில் ரயில் நின்றால் பயணிகள் ஸ்டேஷன் மாஸ்டரைத் தேடுவார்கள். எங்கள் தெருக்காரர்கள் மாமாவைக் கூப்பிடுவார்கள். அவர் எப்போதும் முதல் மணியிலேயே எடுத்துவிடுவார்.

இப்படி இருந்தவருக்குத்தான் ஹூஸ்டன் மகளிடமிருந்து அந்தப் போன் வந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு கால்வெஸ்டன் துறைமுகத்தில் கப்பல் ஏறி, குழந்தைகளோடு கரீபியன் கடலுக்குப் போகிறார்கள். "கோசுமெல்னு மெக்சிகோ தீவுப்பா. காலம்பற எட்டுக்கு நிறுத்தி அஞ்சுக்கு எடுத்துடுவான். ஸ்நார்கெலிங்கும் பண்ணணும், குழந்தைகளுக்கு மிருகமும் காட்டணும்." தீவின் பேரைக் கேட்டதும் மாமி ஓடோமாஸ் எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். மாமா ஒன்றும் சொல்லவில்லை. அளவுகோலை எடுத்தார்.

அடுத்த சில ராத்திரிகள் கரமனையில் ஒரு வீட்டில் மட்டும் மெக்சிகோ விடிந்துகொண்டிருந்தது. பலான்கார் பவளத்திட்டில் நீரோட்டம் வேகம். ஆள் நீந்த வேண்டியதில்லை, ஓட்டமே இழுத்துக்கொண்டு போகும், படகு பின்னாலேயே வந்து ஏற்றிக்கொள்ளும். "அப்போ நீந்தற நேரத்தைக் கழிச்சுடலாம்" என்று எட்டு நிமிடம் மிச்சம் பிடித்தார். திட்டுகள் 1996 முதல் தேசியப் பூங்கா. கண்ட கிரீமையும் தடவிக்கொண்டு இறங்கக் கூடாது, பவளத்தைத் தொடக் கூடாது, நட்சத்திர மீனைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் படம் பிடிக்கக் கூடாது. தெற்கு முனையில் புந்தா சூர் என்ற இடத்தில் கலங்கரை விளக்கமும் முதலையும் உண்டு. முதலை என்று படித்ததும் நெய்யாற்றின் நினைவு வந்து இருபதை இருபத்திரண்டாக்கினார். அந்தத் தீவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத குள்ள ரக்கூன் ஒன்று இருக்கிறது. மிகவும் அருகிவிட்டது, பார்ப்பது நிச்சயமில்லை. அதற்கு நேரமே ஒதுக்கவில்லை.

மாமாவை உலுக்கிய கண்டுபிடிப்பு வேறு. கோசுமெல் இருக்கும் மாநிலம் 2015-ல் தன் கடிகாரத்தை மாற்றிக்கொண்டுவிட்டது. குளிர்காலத்தில் அங்கே டெக்சஸைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. கப்பலோ டெக்சஸ் நேரத்திலேயே நிற்கும். தீவில் மணி ஐந்து என்றால் கப்பலில் நான்குதான். வேறு யாராவது இருந்தால் குழம்பியிருப்பார்கள். மாமா வரம் கிடைத்தவராகச் சிரித்தார். "தீவுக் கடியாரத்தையே பாத்துண்டு கிளம்புங்கோ. ஒரு மணி நேரம் முன்னாடியே கப்பலுக்கு வந்துடுவேள். கடவுளே போட்ட மாற்று ஏற்பாடாக்கும்!" ஆனால் தாள் முழுவதும் கப்பல் நேரத்தில் எழுதி, இரண்டு தடவை அடிக்கோடிட்டு அனுப்பினார். கடைசி வரி: 'கையில் குடை.'

அன்றைக்கு இங்கே ராத்திரி. மகள் ஒரு வீடியோ அனுப்பினாள். மாமி, எதிர்வீட்டார், நான், எல்லோரும் அந்தச் சின்னத் திரையைச் சூழ்ந்துகொண்டோம். கண்ணாடி மாதிரி நீலத் தண்ணீர். அடியில் ஒரு பெரிய ஆமை, அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. அதற்கு மேலே பேத்தி, முகத்தில் கண்ணாடியும் வாயில் குழாயுமாக, கைகளை விரித்து மிதந்தாள். மாமி கையெடுத்துக் கும்பிட்டாள். "கூர்மாவதாரம்டீ!" என்றாள் எதிர்வீட்டுப் பாட்டி.

மாமா மட்டும் வீடியோவை நிறுத்தினார். பின்னால் தள்ளினார். மறுபடி நிறுத்தி, இரண்டு விரலால் பெரிதாக்கினார். ஆமை திரைக்கு வெளியே போய்விட்டது, பேத்தியும் போய்விட்டாள். மிஞ்சியது, கூட வந்த வழிகாட்டியின் மணிக்கட்டும் அதில் ஒரு கைக்கடிகாரமும். மணி பத்து ஐம்பது.

தாளில் அந்த இடத்துக்கு எழுதியிருந்தது பத்து நாற்பது. அது கப்பல் நேரமானால் பத்து நிமிடம் தாமதம். தீவு நேரமானால் ஐம்பது நிமிடம் முன்னால். தாமதமானால் முதலை போயிற்று. முன்னாலானால் தாள் முழுவதுமே தப்பு. மாமா முகத்தில் ரத்தமில்லை. "போன் போடு அவளுக்கு" என்றார் மாமியிடம். "அந்தப் பையன் உள்ளூரா, இல்லே கப்பல்லேர்ந்து வந்தவனான்னு கேளு."